ஃபிரிட்ஜ் கதவும் செத்தவன் சோதனையும்

வெர்ல் ஸ்டக்கி செத்து இரண்டு குளிர்காலம் கழித்து, அவன் மனைவி லோரீனின் இணையவழி வகுப்பில் இரண்டாம் பாடம் திறந்த சனிக்கிழமையன்று, வீட்டுக்குத் திரும்பி வந்து ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். எதையும் எடுக்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவன் அப்படித்தான் நிற்பான், உள்ளே யாரோ நாடகம் போடுகிற மாதிரி பார்த்துக்கொண்டு. லோரீன் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, “கதவ மூடித் தொலை வெர்ல், பால் கெட்டுப்போகும்” என்றாள். அவனைப் புதைத்தது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் ஹேட்லி, இந்தியானாவின் தெற்கு ஓரத்து ஊர். இங்கே அடுத்த வீட்டு விஷயத்தில் யாரும் தலையிடுவதில்லை, விசாரிப்பதோடு சரி. எதிர்வீட்டு பெக் டன்லெவி விசாரித்தாள். “உன் சமையலறையில வெர்ல் மாதிரி ஒருத்தர் நிக்கிறாரே?” “மாதிரி இல்ல, வெர்ல்தான்.” “அப்படியா. கொஞ்சம் இளைச்சிருக்காப்ல.” அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் தேவாலயத்தில் அவனுக்கும் ஓர் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அவன் வரவில்லை. முன்பும் வந்தவனில்லை.

லோரீனுக்கு அதிசயப்பட நேரமில்லை. பழைய கம்பளக் கடையில் நடக்கும் ஆட்டிசம் மையத்தில் அவள் நடத்தைப் பயிற்சியாளர். பிள்ளைகளோடு நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்து, கடிபட்டு, எச்சில் பட்டு, அவர்கள் சொல்லக் கற்றுக்கொண்ட ஒவ்வொரு சொல்லுக்கும் கைதட்டுவது வேலை. அவளுடைய முட்டிகள் ஐம்பது வயதை அவளுக்கு முன்பே தாண்டியிருந்தன. பட்டப்படிப்பை முடித்துத் தேர்வு எழுதி உதவி நடத்தை ஆய்வாளர் ஆகிவிட்டால் மையத்தில் நாற்காலி கிடைக்கும். லட்சியம், சமூகத் தொண்டு என்றெல்லாம் கல்லூரி விளம்பரம் சொன்னது. லோரீனுக்கு வேண்டியது அந்த நாற்காலி. இதே பாடத்தில் வெர்ல் செத்த குளிர்காலத்தில் ஒருமுறை தோற்றிருந்தாள். இன்னொரு முறை தோற்றால் கல்லூரி அவளைப் படிப்பிலிருந்தே நீக்கிவிடும்.

பாடம் நடத்தியவர் டாக்டர் வின்ஸ்லோ. அரிசோனாவில் இருந்துகொண்டு, பின்னால் புத்தக அலமாரியும் முன்னால் தானுமாகப் படம்பிடித்துக்கொள்வார். இருமினாலும் அதற்கு ஒரு முன்னுரை உண்டு. அந்தத் துறையில் செத்தவன் சோதனை என்று ஒன்றிருக்கிறது: செத்தவனால் செய்யமுடிகிற எதுவும் நடத்தை ஆகாது. அசையாமல் உட்காருவது, பேசாமல் இருப்பது, அழாமல் இருப்பது எல்லாம் பிணம் நம்மைவிட நேர்த்தியாகச் செய்யும். ஆகவே இவற்றைப் பிள்ளைக்கு இலக்காக எழுதாதே என்பது அதன் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் வின்ஸ்லோ அதைத் தானே பெற்றெடுத்த குழந்தைபோல எல்லா வகுப்பிலும் தூக்கி வைத்துக் காட்டுவார்.

இறுதிப் பணி, வீட்டில் இருக்கும் ஒருவரின் ஏதாவதொரு நடத்தையை மாற்றி, மாறியதை வரைபடக் கோடாகக் காட்டுவது. லோரீன் வீட்டில் இருந்தது வெர்ல் மட்டும். அவன் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து நிற்பதைக் குறைப்பதாக எழுதி அனுப்பினாள். வின்ஸ்லோ அவளைத் திரையில் அழைத்தார்.

“மிஸஸ் ஸ்டக்கி, உங்க கணவர் காலமானவர்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா டாக்டர்.”

“அப்ப அவர் எது செஞ்சாலும், செத்தவரால அதச் செய்ய முடியுதுன்னு ஆகிடுதே. நடத்தைன்னு எப்படி எடுத்துக்கறது?”

“பால் கெடுதே டாக்டர்.”

“பால் கெடறது வேற துறை.”

இருந்தாலும் அவர் பெருந்தன்மையான மனிதர் என்று பெயர் எடுத்தவர். முயற்சி பலன் தந்து, அதை நிறுத்தியதும் பழையபடி ஆகி, மறுபடி தொடங்கியதும் மறுபடி பலன் தந்தால் யோசிக்கலாம் என்றார். இதை அவர் எந்தச் செலவுமில்லாத வாக்குறுதியாக நினைத்துத்தான் தந்தார்.

முதலில் செத்தவனுக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. பாடத்தில் சொன்னபடி மேஜைமேல் பொருள்களைப் பரப்பினாள்: பீர், தூண்டில் முள், டிராக்டர் கம்பெனித் தொப்பி, பன்றி இறைச்சி சாண்ட்விச். வெர்ல் ஒன்றையும் தொடவில்லை. வின்ஸ்லோவின் பேச்சைப் போட்டுக் காட்டினாள். சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். கடைசியில் முட்டி தாங்காமல் அவளே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வெர்ல் கதவை மூடிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தச் சமையலறையில் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதன்பின் அவன் கதவை மூடினால் அவள் உட்காருவாள். சில வாரங்களில் பால் கெடுவது நின்றது. கோடு அழகாகச் சரிந்தது. அவளும் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடப் பழகினாள்.

இனி வின்ஸ்லோ சொன்னபடி உட்காருவதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் அவன் ஒரேயடியாகப் போய்விடுவானோ என்று லோரீன் ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். வின்ஸ்லோவிடமிருந்து நினைவூட்டல் வந்தது. நாற்காலியை நினைத்துக்கொண்டு, பாத்திரத் தொட்டியோரம் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். வெர்ல் போகவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தான், அடுப்பைத் திறந்தான், துணி துவைக்கும் இயந்திரத்தைத் திறந்தான். மறுநாள் பெக் வீட்டு ஃபிரிட்ஜ் தானாகத் திறந்துகொண்டது. பிறகு அந்தத் தெரு முழுவதும். பிறகு தேவாலயக் கூடத்தில், ஒரு சாவுச் சாப்பாட்டுக்காக வைத்திருந்த உருளைக்கிழங்கு சாலட் ஊசிப்போனது. துக்கத்துக்கு வந்தவர்கள் பிஸ்கெட்டைத் தின்றுவிட்டுப் போனார்கள். பெக் வாசலுக்கு வந்தாள்.

“லோரீன், உனக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் உக்காருடி.”

“இன்னும் ரெண்டு நாள் பொறு பெக். கோடு நிலைக்கணும்.”

“உன் கோட்ட நான் என்னத்தக் கண்டேன்? அங்க என் ஹாம் கறி வேர்த்துக்கிட்டுக் கிடக்குது.”

“எனக்கு மட்டும் நிக்கணும்னு ஆசையா? என் முட்டியப் பாரு.”

பெக் பார்த்தாள். வீட்டுக்குப் போய் ஐஸ்கட்டிப் பை ஒன்று கொண்டுவந்தாள். அதுவும் பாதி உருகியிருந்தது.

லோரீன் வின்ஸ்லோவுக்கு எழுதினாள். அவர் உற்சாகமாகப் பதில் போட்டார்: கிடைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினால் நடத்தை அடங்குவதற்குமுன் இப்படி வெடித்தெழும், எல்லா நடத்தைக்கும் இது பொது விதி, தயங்காமல் உறுதியாக நில்லுங்கள். “அப்ப இது நடத்தைதானே டாக்டர்?” என்று அவள் ஒற்றை வரி திருப்பி எழுதினாள். தான் எழுதியதை அவரே ஒருமுறை படித்துப் பார்த்திருப்பார்.

வியாழக்கிழமை மத்தியானம் அவரே போன் செய்தார். குரலில் முன்னுரை இல்லை. அரிசோனாவில் அவருடைய ஃபிரிட்ஜ் காலையிலிருந்து மூடமாட்டேன் என்கிறதாம்; சால்மன் மீன் வீணாகிவிட்டதாம்; விருந்தாளிகள் வருகிறார்களாம்.

“மிஸஸ் ஸ்டக்கி, நீங்க அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.”

“கோடு இன்னும் நிலைக்கல டாக்டர்.”

“எனக்கு இது போதும்.”

“நடத்தைதான்னு சொல்லிடுங்க. நான் உக்காந்துடறேன்.”

அரிசோனாவில் அவருக்குப் பின்னால் ஏதோ கண்ணாடிப் பாத்திரம் உருண்டு விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

“நடத்தைதான்” என்றார் டாக்டர் வின்ஸ்லோ.

லோரீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இரண்டு மாநிலங்களில் கதவுகள் மூடிக்கொண்டன. வின்ஸ்லோ அவளுக்குத் தேர்ச்சி மதிப்பெண் போட்டார், அதற்கு மேல் ஒன்றுகூடப் போடவில்லை. தன் பாடத்தில் செத்தவன் சோதனைக்கு அடியில், ஹேட்லி ஊருக்கு இது பொருந்தாது என்று சின்ன எழுத்தில் சேர்த்தார். மாணவர்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்.

மறு வருஷம் அவள் தேர்வும் எழுதி உதவி நடத்தை ஆய்வாளர் ஆனாள். மையத்தில் நாற்காலி கிடைத்தது. நாற்காலியோடு மூன்று மையங்களின் அறிக்கைகளும் கிடைத்ததால் களைப்பு முட்டியிலிருந்து முதுகுக்கு இடம் மாறியது, குறையவில்லை. பிள்ளைகளின் திட்டங்களில் சத்தம் போடாமல் உட்காரவேண்டும் என்று யாராவது எழுதியிருந்தால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவாள். “அது எங்க வீட்டுக்காரரே நாள் முழுக்கச் செய்யறார், பிள்ளைக்கு வேற ஏதாவது யோசிங்க” என்பாள். வேலை அதிகமான நாள்களில் அவள் நின்றபடியே சாப்பிட்டுவிடுவதுண்டு. எங்கள் ஊரில் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் டுவேன் இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் உடனே கிளம்புவதில்லை. நேற்று லோரீன் உட்கார்ந்தாளா என்று முதலில் கேட்கிறான். உட்கார்ந்தாள் என்றால்தான் கருவிப் பையை எடுக்கிறான்.