பங்காளிக்குள் சம்பந்தம்

அண்ணாச்சிக்கு நான் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். தீபாவளி போனஸில் பிடித்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். பிடித்தால், பன்னிரண்டாவது படிக்கும் என் மகள் செல்வலட்சுமிக்கு டியூஷன் பீஸ் கட்ட முடியாது.

அது 2004. சிவகாசியில் லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் அச்சகத்தில் தாள் அடுக்குவது என் வேலை. நின்று நின்று கால் வீங்கிப்போகும். எழுத்துப் படித்ததே முப்பத்தாறு வயதில், அறிவொளி வகுப்பில்தான். இன்றும் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பேன்.

அன்று பள்ளிக்கூடச் சார்ட், ஐயாயிரம் ஆர்டர். டி.என்.ஏ. ஏணியும் பக்கத்தில் ஆர்.என்.ஏ. இழையும். முதல் தாளைக் கூட்டி வாசித்தேன். ‘அடினைன்’, அதற்கு ஜோடியாக ‘குவானைன்’.

"அண்ணே, மிஷினை நிறுத்துங்க! பங்காளிக்குள்ள சம்பந்தம் பண்ணியிருக்கீக!"

மிஷின் ஓட்டும் காளிராஜ் சிரித்தார். "ஏ பொன்னுத்தங்கம், நேத்து எழுத்துப் படிச்சிட்டு இன்னைக்கு டாக்டராயிட்டியாக்கும்?"

சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார்.

"எம்மக தெனமும் சத்தம் போட்டுப் படிக்கிறா அண்ணாச்சி. அடினைனும் குவானைனும் ரெட்டை வளையம், ஒரே வகையறா. தைமினும் சைட்டோசினும் ஒத்தை வளையம். அடினைனுக்குத் தைமின்தான் முறை, குவானைனுக்குச் சைட்டோசின்தான் முறை. மாத்திக் கட்டுனா ஏணி கோணிப்போகும்."

அண்ணாச்சி, ஆர்டர் கொடுத்த வாத்தியாருக்குப் போன் போட்டார். நான் சொன்னதுதான் சரி என்றாராம் வாத்தியார்.

"ஐயாயிரமும் குப்பைக்குப் போயிருக்கும்லே, காளிராஜ்!"

பிளேட்டை மாற்றி மறுபடி ஓட்டினார்கள். இந்த முறை காளிராஜே பதறிப்போய் நிறுத்தினார்.

"ஏத்தா, இங்கன ஆர்.என்.ஏ.வுல தைமினையே காணோம்! யாரோ யுராசிலாம்!"

"அது சரிதாண்ணே. அந்த வீட்டுக்குத் தைமின் போகமாட்டா. பதிலுக்குத் தங்கச்சி யுராசில் போவா. அவளும் அடினைனுக்கு முறைதான். மூக்குத்தி போடாத தைமின்னு வச்சுக்கங்க."

"மூக்குத்தி இல்லைன்னு மாப்பிள்ளை சண்டைக்கு வரலையா?"

"அடினைன் அதெல்லாம் பாக்குற ஆளில்லண்ணே."

அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பற்று நோட்டை எடுத்து வந்தார்.

"இம்புட்டுப் பெரிய கல்யாணத்தை முறையா முடிச்சு வச்சிருக்கே. நான் செய்யாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

ஆயிரத்து முந்நூற்று நாற்பதின் மேல் கோடு கிழித்து, பக்கத்தில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். கூட்டி வாசித்தேன்.

மொ, ய். மொய்.