மாட்ரிட்டுக்குச் சுருட்டு சுற்றப் போனவள்

சாப்பாட்டு நேரம் வந்தால் ஹவானா சுருட்டு ஆலைக் கூடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் வாசலுக்குக் காற்று வாங்கப் போய்விடுவார்கள். எனெய்டாவும் மிக்டாலியாவும் மட்டும் பெஞ்சை விட்டு நகர மாட்டார்கள். ஒரு வாரமாக இதே கூத்துதான். மிக்டாலியா கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, காலை ஒயிலாக மடக்கி உட்கார்ந்து, ஸ்பெயின் நாட்டுப் பணக்காரச் சீமாட்டி ஆகிவிடுவாள்.

"ஏம்மா, இந்த இலையெல்லாம் எங்கே விளையுது? ஹவானாவுல மரத்துல காய்க்குமா?"

"மரத்துல காய்க்க இது மாங்காயா? பினார் தெல் ரியோ பக்கம், எங்கப்பாவோட சிவப்பு மண்ணுல விளையுது, சீமாட்டி."

"சிரிக்காதேடி. மாட்ரிட் கடையில அப்படித்தான் கேட்பாங்க. முழுசாச் சொல்லு."

எனெய்டா சொன்னாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், அதுவும் அப்பாவின் வயலைப் பற்றி என்றால் நிறுத்தவே தெரியாது. மழை ஓய்ந்ததும் நாற்றுப் பறித்து நடுவதில் ஆரம்பித்து, மொட்டுக் கிள்ளுவது, சிம்பு ஒடிப்பது, சுருட்டின் மேலே சுற்றும் இலைக்கான செடிக்கு வெயில் சுடாமல் வெள்ளைத் துணியில் பந்தல் போடுவது வரை ஒன்றையும் விடவில்லை. விடியலில் அப்பாவோடு போய் இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பச்சைப் புழுவைப் பொறுக்கித் தகரக் குவளையில் போட்ட கதையையும் சொன்னாள். அடியிலிருந்து மேலாக இலை பறித்து, ஊசியால் கோத்துக் கொட்டகையில் தொங்கவிட்டு, பிறகு அம்பாரமாகக் குவித்துப் புழுங்க வைப்பார்கள் என்றபோது, மிக்டாலியா கைக்குட்டையை அவிழ்த்துவிட்டாள்.

"குவிச்சா அழுகிப் போகாது?"

"கைய உள்ள விட்டுப் பார்க்கணும். சூடு கையைச் சுட்டுச்சுன்னா பிரிச்சுப் போட்டு மறுபடி குவிக்கணும். எங்கப்பாவுக்கு அதுக்குக் கடிகாரமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். கை போதும்."

மிக்டாலியா ஹவானாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். புகையிலைச் செடி முழங்கால் உயரமா ஆள் உயரமா என்றுகூட அவளுக்குத் தெரியாது. காய்ந்த இலை பெஞ்சுக்கு வந்த பிறகுதான் அவள் உலகம் தொடங்கும். ஆனால் தொடங்கிவிட்டால் சும்மா சொல்லக் கூடாது, எனெய்டாவுக்கு அடுத்த கை அவளுடையதுதான். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பதினேழு வருஷமாகச் சுற்றுகிறார்கள். ஒருத்திக்குப் பசை தீர்ந்தால் இன்னொருத்தி கிண்ணம் கேட்காமலே நகரும்.

மாட்ரிட்டில் ஒரு பெரிய சுருட்டுக் கடை. வருகிறவர்கள் கண்முன்னால் உட்கார்ந்து சுற்றிக் காட்ட, விளக்கமும் சொல்ல, இங்கிருந்து ஓர் ஆளை அனுப்புவார்கள். மூன்று வாரம். இந்த முறை ஒரு பெண் வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். கூடத்தில் எல்லாரும் எனெய்டா என்றே முடிவு கட்டிவிட்டார்கள். மிக்டாலியாவைக் கேட்டபோது, "எனக்கெதுக்கு? குளிர் எனக்கு ஒத்துக்காது" என்று சிரித்துவிட்டாள்.

எனெய்டாவுக்கு மாட்ரிட் என்றால் கடையும் இல்லை, குளிரும் இல்லை. அங்கே யாநெலிஸ் இருக்கிறாள். பெற்ற மகள் போய் ஆறு வருஷம் ஆகிறது. போன இடத்தில் கல்யாணம் ஆகி வேரா பிறந்து, இப்போது அந்தக் குழந்தை ஓடி ஆடுகிறது. எனெய்டா பேத்தியைப் போன் கண்ணாடியில் பார்த்ததோடு சரி. தொட்டதில்லை, முகர்ந்ததில்லை. அந்தக் குழந்தையை மடியில் வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒத்திகை முடிந்து அரைவட்டக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அதைச் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அந்தப் பிஞ்சு விரல் என் கையைப் பிடிச்சிடுச்சுன்னு வை, அப்புறம் என்னை விமானத்துக்குத் தரதரன்னு இழுத்துட்டுத்தான் வரணும்."

மிக்டாலியாவும் சிரித்தாள். "இழுத்துட்டு வர நான் வரேன்டி" என்றாள்.

அறிவிப்பு புதன்கிழமை வந்தது. வேலை செய்பவர்கள் கேட்பதற்காக மேடையில் தினமும் வாசிப்பவள் பத்திரிகையை முடித்து, நாவலை எடுப்பதற்கு முன்னால், ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னாள். மிக்டாலியா.

கூடம் முழுவதும் கத்திகள் பலகையில் தட்டத் தொடங்கின. இங்கே கைதட்டுவது அப்படித்தான். எனெய்டாவுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பக்கத்தில் மிக்டாலியா முகத்தைப் பொத்திக்கொண்டு, "நானா? நானா?" என்று விசும்பினாள். எனெய்டாவே தன் தலைத்துணியால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். தானும் கத்தியை எடுத்து விரல் மரத்துப்போகும் வரை தட்டினாள். தனக்குக் கிடைக்காதது பிறத்தியாருக்குப் போகாமல் இவளுக்குப் போயிற்றே என்று அந்தப் பைத்தியக்காரி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் உற்பத்திப் பொறுப்பாளர் அர்செனியோவின் அறைக்குப் போனாள். சண்டை போட இல்லை. அடுத்த வருஷமாவது பெயரைச் சேர்ப்பார்களா என்று கேட்கத்தான். அர்செனியோ கெட்ட மனிதர் இல்லை. யாரையும் நேராகப் பார்த்து முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர்.

"உங்க கையில குறையே இல்ல தோழர். எனக்கும் மேல பதில் சொல்ற ஆளு இருக்காங்க. போன தடவை போனவன் திரும்பி வரல. அந்தத் தலைவலியே இன்னும் தீரல."

"நான் திரும்ப மாட்டேன்னு யார் சொன்னா?"

அவர் பேனாவை உருட்டினார். "குழந்தை விரலைப் பிடிச்சிட்டா விமானத்துக்கு இழுத்துட்டுத்தான் வரணும்னு நீங்களே சொன்னீங்களாமே. தப்பு சொல்லல, பேத்தி பாசம் யாருக்குத்தான் இல்ல…"

எனெய்டாவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வார்த்தையை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். யார் சொன்னது என்று கேட்கவே தேவையில்லாமல் போயிற்று.

அர்செனியோ அதைக் கவனிக்கவில்லை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு மேலும் பேசினார். "மிக்டாலியாவும் விளக்கம் நல்லாவே சொல்றாங்க. அவங்கப்பாவோட வயல்ல விடியக்காலம் புழு பொறுக்கினதைச் சொன்னாங்க பாருங்க, நானே அசந்துட்டேன்."

"அவங்கப்பாவோட வயல்ல?"

"ஆமா. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். கலவை அறையிலிருந்து அன்றைய பங்கு வந்திருந்தது. செடியின் உச்சியில் பறித்த காட்டமான இலை, நடுவில் பறித்த வாசனை இலை, அடியில் பறித்த, சுலபமாகப் பற்றும் இலை என்று மூன்றும் தனித்தனிக் கட்டு. காட்டத்தை நடுவில் வைத்து மற்றதை விசிறிபோல் மடித்துக் கையில் சேர்க்க வேண்டும். இடையில் காற்று போக வழி விட்டால்தான் புகை வரும். எனெய்டாவின் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மேடையில் நாவல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் திரும்பாமலே பேசினாள்.

"எங்கப்பன் எப்படிடீ உனக்கு அப்பன் ஆனாரு?"

மிக்டாலியாவின் கத்தி நின்றது. மறுபடி நகர்ந்தது. "அவங்களா கேட்டாங்க, எனெய்டா. என்னைத் தனியாக் கூப்பிட்டு, நீ திரும்பி வருவேன்னு என்னை ஜாமீன் நிக்கச் சொன்னாங்க. நீ வரலேன்னா என் வேலை போகும். எனக்கு ரெண்டு பசங்க."

"நிக்க முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே. சிரிப்புக்குச் சொன்னதைக் கொண்டுபோய் ஏன் கொட்டினே?"

"பொய்யா சொன்னேன்? நீ சொன்னதைத்தானே சொன்னேன். சிரிப்புக்குத்தான் சொன்னியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

எனெய்டா அடுத்த இலையை எடுத்தாள். திரும்பி வந்திருப்பாளா? அவளுக்கே தெரியாது. வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். அது அந்தக் குழந்தையின் கையைப் பிடித்த பிறகு தெரிய வேண்டிய விஷயம். அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான் இவள் பிடுங்கிக்கொண்டாள்.

"சரி, சொன்னே. இடத்தை எதுக்கு வாங்கிக்கிட்டே? குளிர் ஒத்துக்காதே உனக்கு?"

மிக்டாலியா இலையின் ஓரத்தை வெட்டியபடி முணுமுணுத்தாள். "யாராவது ஒருத்தர் போகத்தானே போறாங்க. நான் போனா உன் பொண்ணைப் பார்த்து நாலு வார்த்தை பேசிட்டாவது வருவேன்ல."

எனெய்டா கையில் இருந்ததை அப்படியே முறுக்கினாள். கல்போல இறுகிப்போயிற்று. எந்த மனிதனாலும் அதில் ஒரு இழுப்பு இழுக்க முடியாது. கூட இருந்தே குழி பறித்தவள், பறித்த குழிக்கு மேல் நின்றுகொண்டு உதவி செய்கிறேன் என்கிறாள். எனெய்டாவுக்கு அவள் முகத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவள் தோளிலேயே சாய்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. பதினேழு வருஷமாக அழுவதற்கு வேறு தோள் தேடிப் பழக்கமில்லை.

பயணத்துக்கு முந்தின சனிக்கிழமை மிக்டாலியா எனெய்டாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எனெய்டா உள்ளே கூப்பிடவில்லை, காபியும் கொடுக்கவில்லை. எதையும் கொடுத்தனுப்பக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் வேராவுக்குத் தைத்த மஞ்சள் கவுன் அடுத்த வருஷம் போடப் பற்றாது. அந்தப் பக்கம் போக வேறு ஆளும் இல்லை. கவுனையும் கொய்யாப்பழ இனிப்புக் கட்டியையும் காபித்தூளையும் ஒரு பையில் போட்டு, வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மகளிடம், "இந்தத் தடவை அமையல" என்று மட்டும் போனில் சொல்லியிருந்தாள். திரும்ப மாட்டேன் என்று நானே உளறி, அதை என் தோழியே போட்டுக் கொடுத்தாள் என்று எந்த வாயால் சொல்வது? வெட்கமாக இருந்தது. போனில் யார் காது வைத்திருக்கிறார்களோ என்ற பயம் வேறு.

மாட்ரிட்டிலிருந்து அழைப்பு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. நல்லவேளையாக மின்சாரம் இருந்தது. திரையில் யாநெலிஸின் முகம். பின்னால் சோபாவில் மிக்டாலியா. அவள் மடியில் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு வேரா. குழந்தை மிக்டாலியாவின் விரலைப் பிடித்து வளைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"அம்மா, கவுன் அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு பாரு" என்றாள் யாநெலிஸ். குரலில் உற்சாகம் இல்லை. "ஒண்ணு கேக்கறேன். விமானத்துல ஏறப் பயந்துக்கிட்டுதான் இடத்தை மிக்டாலியா சித்திக்கு விட்டுக் கொடுத்தியாமே? என்கிட்ட ஏம்மா சொல்லல?"

எனெய்டா போனை முகத்துக்குக் கிட்டத்தில் இழுத்தாள். "யாரு சொன்னா?"

"சித்திதான். நான் கேட்டுக் கேட்டு, மனசு கேக்காம சொன்னாங்க. ஆறு வருஷம்மா. ஒரு ராத்திரி கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தா என்கிட்ட வந்திருப்பே."

"பொய்! யாநெலிஸ், அவ சொல்றது பச்சைப் பொய். அவதான் அர்செனியோகிட்டப் போய், நான் அங்கேயே தங்கிடுவேன்னு சொல்லி என் பேரை எடுக்க வெச்சா. என் இடத்துலதான் அவ உட்கார்ந்திருக்கா. என் மடியில இருக்க வேண்டிய குழந்தைடி அது!"

மிக்டாலியா தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் நிஜமா நடிப்பா என்று இங்கிருந்து எப்படித் தெரியும்? யாநெலிஸ் ஒரு முறை திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"குழந்தை முன்னாடி கத்தாதேம்மா. துறைமுகத்தைத் தாண்டற ரெக்லா படகுல ஏறவே நீ கை கால் நடுங்குவே, எனக்குத் தெரியாதா? பயமா இருந்துச்சுன்னு நீயே சொல்லியிருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். இவ்வளவு தூரம் உன் பையைத் தூக்கிட்டு வந்தவங்க மேல பழியைப் போடறியே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

"யாநெலிஸ், நான் உன்னைப் பெத்தவடி. நான் சொல்றதைக் கேளு…"

வேரா பயந்துபோய் மிக்டாலியாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மிக்டாலியா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, எனெய்டாவுக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்.

"விடும்மா யாநெலிஸ். என்ன இருந்தாலும் உன் அம்மா. மன்னிச்சிடு."

யாநெலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சித்தி" என்றாள்.