ராய்ஸ் வண்டியை நிமிர்த்திய லட்சணம்

ஜில்லெட் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் ராட்சத லாரி ஓட்டியவள் மேவிஸ். அவள் தங்கை லோரீனின் கணவன் ராய்ஸ், பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்பவன். வண்டி விஷயத்தில் மேவிஸுக்கே பாடம் நடத்துவதில் அவனுக்கு அலாதிப் பிரியம்.

புதிதாக வாங்கிய ட்ரெய்லர் வீட்டைக் கொக்கியில் மாட்டியதும் அதை இழுக்கும் அவனுடைய பிக்கப் வண்டியின் பின்பக்கம் பொதுக்கென்று இறங்கியது. மூக்கு வானத்தைப் பார்த்தது.

"நாய் குந்துன மாதிரி இருக்கு," என்றாள் மேவிஸ். "முன்சக்கரத்துல பாரமே இல்ல ராய்ஸ். ஸ்டீரிங் பேச்சுக் கேக்காது. ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் கம்பி வெச்ச கொக்கி இருக்கு. பாரத்த முன்னாலயும் பிரிச்சுக் குடுக்கும். அத வாங்கி மாட்டு."

"கடைக்காரனும் அதத்தான் என் தலையில கட்டப் பாத்தான். நாம ஏமாறுற ஆளா, அக்கா?"

ஏமாறாதவர் ஜெனரேட்டர், தண்ணீர் கேன்கள், பீர்ப் பெட்டிகள் எல்லாவற்றையும் ட்ரெய்லரின் வால்பக்கம் கொண்டுபோய் அடுக்கினார். கொக்கியில் அழுத்தம் குறைந்து பிக்கப் நிமிர்ந்தது. பக்கத்தில் நின்று படம்வேறு எடுத்துக்கொண்டார்.

"வால் கனத்தா வண்டிய ஆட்டும்யா!" என்றாள் மேவிஸ்.

"ஆட்டட்டும். உங்களுக்குப் பயமா இருந்தா வீட்லயே இருங்க."

தங்கைக்காகத்தான் மேவிஸ் அந்த முகாம் பயணத்துக்கு வண்டியில் ஏறினாள். அதுவும் முன் சீட்டில்.

பிக்ஹார்ன் மலையிறக்கத்தில் ஒரு லாரி அவர்களை முந்திப் போனது. ட்ரெய்லர் இடதுபக்கம் இழுத்தது, பிறகு வலதுபக்கம். ராய்ஸ் பதறிப் பிரேக்கை மிதிக்க, ஆட்டம் இரட்டிப்பானது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின் சீட்டில் லோரீன் அலறினாள்.

"பிரேக்ல இருந்து கால எடுறா, மடையா! ஸ்டீரிங்க ஒடிக்காம நேரா புடி!"

மேவிஸ் எட்டி, டாஷ்போர்டின் கீழே இருந்த ட்ரெய்லர் பிரேக்கின் பிடியை மட்டும் அமுக்கினாள். ட்ரெய்லர் பின்னுக்கு இழுபட்டு, ஆட்டம் மெல்ல அடங்கியது. ஓரத்தில் நிறுத்தும்போது ராய்ஸின் முகம் வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"காத்து..." என்றான்.

"புல்லுகூட அசையலைங்க," என்றாள் லோரீன்.

அந்தப் பெட்டிகளையெல்லாம் அவனையே சுமக்கவைத்து, ட்ரெய்லர் சக்கரத்துக்கு மேலேயும் சற்று முன்னாலும் அடுக்கச் செய்தாள் மேவிஸ். சாவியை வாங்கிக்கொண்டு, வோர்லண்ட் ஊர்வரை வண்டியை ஆமைபோல உருட்டினாள். அங்கே ஒரு பட்டறையில் ஸ்பிரிங் கம்பிக் கொக்கியை மாட்டச் செய்து, கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக மாற்றி மாட்டி, முன்சக்கரம் தரையில் நன்றாக அழுந்துகிறதா என்று அளந்து பார்த்த பிறகே புறப்பட்டாள்.

முகாமில் பக்கத்து ட்ரெய்லர்க்காரர் வண்டியை மெச்சினார். "நல்லா மட்டமா நிக்குதே!"

"ஆமா, பின்பக்கம் தொங்குச்சு, நான்தான் சரிபண்ணேன்," என்றான் ராய்ஸ்.

"அப்படியா? சங்கிலிய எத்தனாவது கண்ணியில மாட்டுனீங்க?"

ராய்ஸ் குனிந்து கண்ணிகளை எண்ணப் பார்த்தான்.

"அவருக்குத் தெரியாதுங்க," என்றாள் லோரீன். "எங்கக்காவக் கேளுங்க."

ஊர் திரும்பும்போதும் மேவிஸ்தான் ஓட்டினாள். ராய்ஸ் பின் சீட்டில் தூங்குவதுபோல் கிடந்தான். அவனை யாரும் எழுப்பவில்லை.