யார் கையில் விமானம்

ஓடுபாதையை விட்டு எழும்பி சர்ச் கோபுரத்தைத் தாண்டுவதற்குள் இன்ஜின் இருமத் தொடங்கியது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் பயிற்சி விமானம். இடதுபக்கம் மாணவி லிகாயா, வலதுபக்கம் பயிற்சியாளர் கேப்டன் அபெலார்டோ. கொஞ்ச நேரத்தில் இருமலும் நின்றுபோனது.

"கன்ட்ரோல் எங்கிட்ட," என்றார் அவர், அறுவடை முடிந்த வயல் ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டே.

ஒருவர் விமானத்தை வாங்கிக்கொண்டால் மற்றவர் "உங்ககிட்ட" என்று வாய்விட்டுச் சொல்லிக் கையை எடுக்க வேண்டும். முதல் நாள் பாடம். லிகாயா கையை எடுத்தாள். ஆனால் வாய்க்குப் பதில் புருவத்தை உயர்த்தினாள். பிலிப்பைன்ஸில், எங்கள் புலாகானில் யாரும் ஆமாம் என்று வாயால் சொல்லி நான் கேட்டது குறைவு. சாப்பிட்டாயா என்றால் புருவம், காதலிக்கிறாயா என்றாலும் புருவம். பாதிரியார் விடமாட்டார் என்பதால் கல்யாணத்தில் மட்டும் வாயைத் திறக்கிறோம். அபெலார்டோவும் இந்த ஊர்க்காரர்தான், திரும்பியிருந்தால் புரிந்திருக்கும். அவர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராததால், பெண் பயத்தில் இறுகப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து அவள் கையைத் தட்டிவிடப் போனார். அங்கே கையே இல்லை. அதற்குள் வயல் பின்னால் போய்விட்டது. விமானம் கால்வாய்க் கரையில் மோதி மூக்கு மடிந்தது.

லிகாயாவுக்கு மோவாயில் தையல். அவருக்கு முதுகெலும்பில் அடி. காலில் உணர்ச்சி திரும்பினால்தான் இனி விமானம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விபத்து விசாரணைக்கு முந்தைய நாள் பான்சிட் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"நான்தான் சார் பதில் சொல்லல. நாளைக்கு அவங்ககிட்ட சொல்லிடப்போறேன்."

"சும்மா இரு. இன்ஜின் நின்னுச்சு, நான் வயல லேட்டாப் பாத்தேன். அவ்வளவுதான். உன்ன ட்ரெய்னிங்ல இருந்து வெளிய அனுப்பிட்டா, உங்கம்மா ஹாங்காங்ல பாத்திரம் தேய்ச்சு ஃபீஸ் கட்டுறது எதுக்கு?"

"உங்க லைசென்ஸ் போயிடுமே சார்."

"அதுக்கு மொதல்ல காலு வேணும். வந்துடும். காலைல கட்டைவிரல்ல ஏதோ ஊர்ற மாதிரி இருந்துச்சு. நர்ஸ் நம்பமாட்டேங்குறா."

கழுத்துப் பட்டை போட்டிருந்ததால் அவர் பார்வை கூரையிலேயே இருந்தது. அவருடைய ஒரு கால் மெத்தை விளிம்பிலிருந்து நழுவித் தொங்கியதை லிகாயா அப்போதுதான் கவனித்தாள். பொட்டலத்தை வைத்துவிட்டு அதைத் தூக்கி மேலே வைத்தாள். பிறகு கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள். நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள்.

"இப்ப ஒண்ணும் இல்ல," என்று அவர் கூரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "காலைல இருந்துச்சு."