யாரும் போய்ப் பார்க்க வேண்டாம்

எங்கள் மூன்றாவது யூனிட்டுக்கு வயது முப்பத்தெட்டு. எனக்கு நாற்பத்தாறு. எங்கள் இருவரில் யாரைக் கொஞ்சம் குனியச் சொன்னாலும் எங்கேயாவது ஒரு மூட்டு சத்தம் போடும்.

நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கும் யூனிட் அது. நிற்காமல், குறையாமல், முழு வேகத்தில் ஓடுவதற்கென்றே கட்டியது. இப்போது ஊரெல்லாம் கூரைக்குக் கூரை சோலார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் எங்கள் கரண்ட் யாருக்கும் வேண்டாம். வெயில் இறங்கினால் உடனே வேண்டும். அதனால் பகலில் நெருப்பைக் குறைத்து, சாயங்காலம் மறுபடி ஏற்றச் சொல்கிறார்கள். என் வீட்டு மொட்டை மாடியிலும் எட்டுப் பலகைகள் இருக்கின்றன. நான் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ஓட்டும் யூனிட்டை என் வீட்டு மாடியே கீழே தள்ளுகிறது. இதைச் சொல்லிக் கணவர் தினமும் சிரிக்கிறார். பலகை போடச் சொன்னதே நான்தான்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்கிறவள் என் அக்கா. எந்த மின் நிலையம் எப்போது எவ்வளவு ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஆபீஸில் இருக்கிறாள். அங்கிருந்து வரும் ஒவ்வொரு பேச்சும் பதிவாகும் என்பதால் அந்த போனில் நாங்கள் இருவரும் முன்பின் தெரியாதவர்கள். "யூனிட் மூணு, நாப்பது சதவீதத்துக்கு இறங்குங்க." "இறங்கறோம் மேடம்." சாயங்காலம் கைபேசியில் கூப்பிட்டு, "ஏண்டி, குரல்ல அவ்வளவு வெறப்பு?" என்பாள்.

அக்காவின் ஆபீஸ் எங்களுக்கு ஒரு சோதனை வைத்தது. பத்து நாள். தினமும் பன்னிரண்டு மணிக்கு நாற்பது சதவீதத்துக்கு இறங்கி இரண்டு மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும். ஆறு மணிக்குள் முழு அளவுக்கு ஏற வேண்டும். இதில் மூன்று தடவை நெருப்பு அணைந்தால் யூனிட்டுக்கு மூடுவிழா. மூடினால் எனக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மாற்றல். கணவரின் சைக்கிள் ரிப்பேர் கடையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து, வாரத்துக்கு ஒரு நாள் புருஷன் முகத்தைப் பார்க்கும் வாழ்க்கை எனக்கு வேண்டாம். நாட்டுக்கு நல்லது கெட்டதெல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

ஐந்து நாள் முடிவதற்குள் இரண்டு தடவை அணைந்துவிட்டது.

எப்படி அணைகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் உலை பத்து மாடி உயர இரும்பு அறை. நான்கு மூலைகளிலிருந்தும் நிலக்கரித் தூளை ஊதி நடுவில் எரிக்கிறோம். மூலைக்கு ஒரு கருவி நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதைக் கண் என்போம். மூன்று கண்கள் ஒரே நேரத்தில் இருட்டைப் பார்த்தால் தூள் வருவது தானாக நின்றுவிடும். எரியாத தூள் உள்ளே சேர்ந்தால் வெடித்துவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒருமுறை நின்றால் மறுபடி ஏற்ற ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும்.

ஐந்தாம் நாள் அதுதான் நடந்தது. வெயில் இறங்கியபோது எங்களிடம் கொடுக்கக் கரண்ட் இல்லை. அக்கா பாதி நகரத்தை நாற்பது நிமிடம் இருட்டாக்க வேண்டியதாயிற்று. அன்று கைபேசியில் கூப்பிட்டவள் திட்டவில்லை. "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு மனசு உடைந்தால் இந்தக் கேள்விதான் வரும்.

எங்கள் மேலாளர் அறிக்கையில் காரணம் எழுதினார்: கொதிகலனுக்கு வயதாகிவிட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலை ஆறு மணிக்கும் அதற்கு அதே வயதுதானே, அப்போது ஏன் அணையவில்லை? வயதாகிவிட்டது என்பது காரணம் இல்லை. கை கழுவுகிற பேச்சு.

ஆறாம் நாள் காலை சீக்கிரமே வந்தேன். ஐந்து நாளும் நான்கு கண்களும் வரைந்த கோடுகளைக் காகிதத்தில் எடுத்துத் தரையில் பரப்பி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அணைந்த இரண்டு நாட்களைத்தான் எல்லோரும் துருவித் துருவிப் பார்த்திருந்தார்கள். நான் அணையாத நாட்களைப் பார்த்தேன். முதல் நாள், பன்னிரண்டு மணி தாண்டியதும் ஒன்றாம் மூலையின் கோடு கொஞ்சம் தொய்ந்து எழுந்திருக்கிறது. ஒன்றரை நிமிடம் கழித்து இரண்டாம் மூலை. இன்னும் ஒன்றரை நிமிடம், மூன்றாம் மூலை. பிறகு நான்கு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் நான்காம் மூலை. மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாளும் அச்சு அசல் அப்படியே.

நெருப்பு வரிசையில் நின்று டோக்கன் வாங்குமா என்ன? அதுவும் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மட்டும் எதற்கு அவ்வளவு தாமதம்? இதற்கு மேல் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. ஒரு விஷயம் மண்டையில் புகுந்துவிட்டால் எனக்குக் காபிகூட இறங்காது.

உலையைச் சுற்றிப் போகும் நடைபாதைக்கு ஏறினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்றாம் மூலையிலிருந்து இரண்டாம் மூலைக்கு நடந்தேன். ஒன்றே கால் நிமிடம். அங்கே ஒரு மூச்சு நின்றால் ஒன்றரை. இரண்டிலிருந்து மூன்றுக்கும் அதே கணக்கு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நடைபாதை துருப்பிடித்து இற்றுப்போய்க் கயிறு கட்டி அடைத்திருந்தது. ஒரு மாடி இறங்கி, குறுக்கே போய், மறுபடி ஏற வேண்டும். என் முட்டிக்கு ஐந்து நிமிடம் ஆனது. நல்ல முட்டி என்றால் நான்கு. படியிலேயே உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். இத்தனை நாளாக அந்தக் கோட்டில் நடந்துகொண்டிருந்தது ஓர் ஆள்.

ஆள் யாரென்று தேட வேண்டியதில்லை. நான்காம் மூலையிலேயே நின்றிருந்தார். உலைப் பக்கம் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவர். நாளெல்லாம் நான்கு மூலைகளையும் சுற்றுவதால் அவருக்கு நாலுமூலை என்றே பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கலாம்.

"அண்ணா, பன்னண்டு மணிக்கு மேல இங்க என்ன பண்றீங்க?"

"என்ன பண்ணப் போறேன் மேடம். நெருப்பக் குறைக்கறீங்க, மனசு கேக்கல. நாலு பக்கமும் ஒரு எட்டு பாத்துட்டு வருவேன்."

"எப்படிப் பாப்பீங்க? காட்டுங்க."

உலைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்பு மூடி. அதைத் தூக்கினார். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நெருப்பு வெளியே பாயாமலிருக்க உலை எப்போதும் காற்றை உள்ளேதான் இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கப் பையிலிருந்து ஒரு பேருந்துச் சீட்டை எடுத்து ஓட்டைக்கு அருகில் பிடித்தேன். விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அது சீட்டு இல்லை, இந்த மாதத்துக்கான பாஸ் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

"முன்னாடி இதுல கண்ணாடி இருந்துச்சு மேடம்," என்றார். "ஒடஞ்சு இருவது வருஷம் ஆச்சு. யாரும் மாத்தல."

மாற்ற வேண்டிய அவசியம் இருந்ததில்லை. முழு வேகத்தில் எரியும் நெருப்புக்கு இந்த ஓட்டைக் காற்றெல்லாம் தூசு. நாற்பது சதவீதத்தில் அது வேறு நெருப்பு. அதற்குப் பக்கத்தில் குளிர்ந்த காற்றை விட்டால் சுருங்கும், கண் இருட்டைப் பார்க்கும்.

அப்படியானால் இரண்டாம் நாள்? சோதனையைப் பார்வையிட அக்காவின் ஆபீஸிலிருந்து மூன்று பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். குறைந்த நெருப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டார்கள். மேலாளர் மூலைக்கு ஒருவரை நிறுத்தி, நான்காவது மூலையில் தானே நின்றுகொண்டார். நான்கு மூடிகளும் ஒன்றாகத் திறந்தன.

ஐந்தாம் நாள்? இதை நினைத்ததும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை அணையக் கூடாதே என்ற பயத்தில் நானே மூலைக்கு ஓர் ஆளை நிறுத்தி, வாக்கி டாக்கியில், "எல்லாரும் ஒரே நேரத்துல பாருங்க" என்று உத்தரவு போட்டேன். பத்தே விநாடி. நாலு பேரும் ஓடி வந்து ஒரே மாதிரி சொன்னார்கள்: "பாத்துட்டு இருக்கும்போதே அணைஞ்சுது மேடம்."

நாலுமூலைக்கும் புரிந்துவிட்டது. மூடியை மெதுவாகச் சாத்தினார். "அப்ப நான்தான் அணைச்சேனா மேடம்?"

"இல்லண்ணா. நீங்க ஒவ்வொண்ணா தெறந்து மூடினீங்க, அது தாங்கிக்கிச்சு. அணைச்சது நான்."

அவர் முகம் தெளியவில்லை. முப்பது வருஷம் ஒருவர் அக்கறையாகச் செய்த காரியத்தை ஒரு பஸ் பாஸை வைத்துத் தப்பு என்று காட்டிவிட்டேன். எனக்கு வருத்தமாக இருந்தது.

மேலாளர் இதைக் கேட்டதும் நெற்றியில் கை வைத்தார். "அரை மணிக்கு ஒருதடவ போய்ப் பாக்கணும்னு விதி இருக்கும்மா. நீங்க பாக்கவே கூடாதுன்னு எழுதச் சொல்றீங்க."

"கண்ணாடி வர்ற வரைக்கும் சார்."

"ஸ்டோர்ல கேட்டாச்சு, மூணு வாரம் ஆகும். அது இருக்கட்டும். அந்த மூணு பெரியவங்ககிட்ட போய், நீங்க எட்டிப் பாத்ததாலதான் அணைஞ்சுதுன்னு நான் சொல்லணுமா?"

"வேண்டாம் சார். அஞ்சாம் நாள மட்டும் மாத்துங்க. காரணம் என் உத்தரவுன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். பிறகு பதிவாகும் போனில் அக்காவைக் கூப்பிட்டு அதையே சொன்னேன்.

"இது பதிவாகுதுன்னு தெரியும்ல?" என்றாள்.

"தெரியும் மேடம்."

"சரி. பன்னண்டு மணிக்கு இறங்குங்க." அவள் குரலும் அன்றைக்கு வெறப்பாகத்தான் இருந்தது.

நான்கு மூடிகளையும் நாலுமூலையே கம்பி போட்டுக் கட்டினார். பன்னிரண்டு மணிக்கு அவர் கன்ட்ரோல் ரூமில் நின்றார். அந்த நேரத்தில் அவர் அங்கே நிற்பது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டார், பின்னால் வைத்துக்கொண்டார், மறுபடி கட்டிக்கொண்டார். அறுபது சதவீதம். ஐம்பது. நாற்பது. நான்கு கோடுகளும் கீழே வந்து நின்றன. மூன்றாம் மூலையின் கோடு மட்டும் இன்னும் கொஞ்சம் வழுக்கியது.

மேலாளரின் கை வாக்கி டாக்கிக்குப் போனது. நான் அதை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டு மூடி, நாற்காலியை அதை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். மரியாதைக் குறைவுதான். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடவா மேடம்?" என்றார் நாலுமூலை. கதவு வரை போய்விட்டிருந்தார்.

"வேண்டாம்ணா."

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. கோடு வழுக்கிய இடத்திலேயே நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு தானாக மேலே ஏறி மற்ற மூன்றோடு சேர்ந்துகொண்டது. போன் அடித்தது.

"யூனிட் மூணு, நெருப்பு எப்படி இருக்கு?"

"தெரியாது மேடம். யாரும் பாக்கல."

"ரெண்டு மணி வரைக்கும் அப்படியே இருங்க," என்றாள்.

இருந்தோம். அன்றும், அடுத்த நான்கு நாட்களும். பத்தாம் நாள் சாயங்காலம் அக்கா கைபேசியில் கூப்பிட்டு யூனிட் ஓடட்டும் என்று முடிவானதைச் சொன்னாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாளே எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. கணவர் அதைக் கடையில் ஒட்டட்டுமா என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கண்ணாடி வந்தது. பொருத்திய அன்று பன்னிரண்டரை மணிக்கு நாலுமூலை கீழே வந்து, "மேடம், ஒரு நிமிஷம் மேல வாங்க," என்றார். முட்டியை நொந்துகொண்டே ஏறினேன். மூன்றாம் மூலையில் எனக்கு இடம் விட்டு விலகி நின்றார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவ்வளவு பெரிய உலைக்குள் சின்னதாக, மஞ்சளாக, ஓர் ஓரம்கூட அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"நாப்பது சதவீதத்துக்குக் குறைச்சப்ப எல்லாம் வந்து பாத்திருக்கேன் மேடம்," என்றார். "பாத்தப்ப எல்லாம் ஆடிட்டுதான் இருந்துச்சு. ஆடுதேன்னு பயந்து மறுபடி மறுபடி வந்து பாத்தேன்." கண்ணாடியின் விளிம்பைத் துணியால் துடைத்தார். "ஆடாம இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."