நனைந்த மூடைகள் இருந்த அறை

சுபஹுத் தொழுகையில் குனிந்த ஹாஜறாவுக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை முக்காட்டில் ரத்தம். அந்த ஒரு கிழமைக்குள் அது மூன்றாம் முறை. முதலிரண்டையும் யாருக்கும் காட்டாமல் கழுவிவிட்டாள்.

கணவர் மீராமுகைதீன் மௌத்தாகி இரண்டு மாதம். அவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் விதவைக்குரிய இத்தா இருக்கும் அறையின் ஜன்னலுக்குப் படுக்கை விரிப்பை ஆணியடித்து மூடியவள், கணவரின் அக்கா றுகையா. ஒரு கீற்று வெளிச்சம் நுழைய விடவில்லை, மகராசி! மூலையில் அவர் கடைசியாக அடுக்கிய நெல்மூடைகள், மழையில் நனைந்தவை. அவர் கைபட்டதென்று ஹாஜறா அவற்றின் ஓரமாகவே தலை வைத்துப் படுத்தாள்.

பத்து வருடத்துக்கு முன் சயரோகம் வந்து சுகமானவள் அவள். அது திரும்பிவிட்டதோ? பேத்தி ஸம்றாவுக்கும் தொற்றிவிடுமோ?

மகள் ஆகிலா முக்காட்டைக் கண்டு அலறி, ஆசுபத்திரிக்குக் கிளப்பினாள்.

"இன்னும் எழுவது நாள் கிடக்கு. வெளிய போனா சனம் என்ன கதைக்கும்?" என்று றுகையா வாசலை மறித்தாள்.

ஆகிலா மௌலவிக்குப் போன் போட்டாள். "உசிருக்கு ஆபத்தெண்டா தாராளமாப் போகலாம். ஆர் மறிச்ச?" என்று அவர் சத்தம் போட்டார். றுகையா விலகினாள்.

ஆசுபத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்து, சளியும் சோதித்த பிறகு டொக்டர் சுஜித்தா சொன்னார்: "சயரோகம் இல்ல அம்மா. முந்தி வந்த சயரோகம் நெஞ்சில விட்டிட்டுப் போன ஓட்டைக்குள்ள பங்கசு, அதான் பூஞ்சணம், வளர்ந்திருக்கு. நெஞ்சு சுகமானவங்களை அது ஒண்டும் செய்யாது. உங்களுக்கு அப்பிடியில்ல, ரத்தம் கூடினா உசிருக்கே ஆபத்து. வீட்டில பூஞ்சணம் பிடிச்ச நெல்லு ஏதும் இருக்கா?"

ஆகிலா, "ஓம் டொக்டர், தலமாட்டில" என்றாள்.

வார்ட்டில் வைத்துப் பார்த்து, பல மாதம் விழுங்கக் குளிசையும் எழுதினார்கள். பத்து நாள் கழித்து வீடு வந்தபோது மருமகன் மூடைகளை அப்புறப்படுத்தியிருந்தான். றுகையாவோ அறைக்குச் சாம்பிராணி போட்டு, விரிப்பை மறுபடி இறுக்கியிருந்தாள்.

"வா ஹாஜறா, எல்லாம் துப்பரவு," என்றாள் றுகையா.

முப்பது வருடம் மைனியை எதிர்த்து ஒரு சொல் பேசாத ஹாஜறா, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் விரிப்பைப் பிடித்து இழுத்தாள். ஆணி தெறித்தது. வெளிச்சம் விழுந்த சுவரில், தரையிலிருந்து மூடைகளின் உயரம்வரை கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் அப்பியிருந்தது. அதன் ஓரத்தில் அவளுடைய தலையணை அண்டிய இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"இத்தாவ நான் நடுவீட்டில இருப்பன் மைனி," என்றாள். "இதுக்குள்ள நீங்க ஒரு ராவு படுங்க பாப்பம்."

றுகையா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னுக்குப் போனாள்.