சூப்பைத் திருப்பியவர்

மகளோடு ஒரு மணி நேரம்: சூப், சோறு, தேநீர் சேர்த்து எழுநூற்று இருபது ரூபாய், வரி தனி. 2005-இல் விமான் நகரில் ஆறே மேசை போட்டுத் திறந்திருந்த அந்த ஜப்பானியக் கடையின் விலைப்பட்டியலைச் சந்தானம் அப்படித்தான் படித்தார். போபோடி கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரம் விற்கிறவருக்கு வேறு மாதிரி படிக்க வராது.

மகள் ப்ரீதிக்கு ஒசாகாவில் மூன்று வருஷ வேலை, சனிக்கிழமை விமானம். சேதி வந்த அன்று, "போனா அப்படியே போயிரு, இந்த வாசப்படிய மிதிக்காத" என்று கத்திவிட்டார். அன்றே பெட்டியோடு ஔந்தில் தோழி வீட்டுக்குப் போனவள்தான். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் அவளுக்குப் பிடித்த இடத்துக்கே வந்திருந்தார். வாக்கியம்கூடத் தயார்: "அன்னைக்குச் சொன்னது தப்பும்மா. எப்ப வேணும்னாலும் நம்ம வீட்டுக்கு வா."

"ப்ரீதி..." என்று தொடங்கும்போது சூப் வந்தது. ஒரு வாய் குடித்தவர் முகம் கோணியது.

"இதுல என்னம்மா கெடக்கு?"

"சோயா சூப்புப்பா. வெஜ்னுதான் சொன்னான்." பரிமாறியவரைக் கூப்பிட்டு விசாரித்தாள். "அரே, மீன் சீவல் கொதிக்க வச்ச தண்ணியாம். துண்டு எதுவும் கிடக்கலையே, அதனால வெஜ்ஜாம்."

சந்தானம் எழுந்தேவிட்டார். இந்தியில் ஆரம்பித்து மராத்தியில் வேகமெடுத்து, மேனேஜர் வந்து கும்பிடும்வரை விடவில்லை. கால் மணி நேரம் அதில் போயிற்று. இரண்டு சூப்பும் திரும்பின, விலை கழிந்தது, இனாமாக ஒரு தட்டு வெள்ளரிக்காய் ரோலும் வந்தது. நாலு தடவை வாய் கொப்பளித்துவிட்டு, ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்தார்.

ப்ரீதி சிரிக்கவில்லை. சோற்றை முடித்தாள். பிறகு குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"குடிச்ச சூப்பையே திருப்பிட்டீங்க. வேற எதாவது திருப்பணுமாப்பா?"

அவளே எடுத்துக் கொடுக்கிறாள் என்பது புரிந்தது. வாக்கியம் தொண்டைவரை வந்தது. அந்த நேரம் பார்த்து பில்லை வைத்தார்கள். கண் தானாக அதன்மேல் விழுந்தது.

"பால் இல்ல, சீனி இல்ல, ஒரு டீ அறுபது ரூபாயா?"

"விடுங்கப்பா." அவள் பையை மாட்டிக்கொண்டாள். "பேக்கிங் இருக்கு."

அவள் ஏறிய ஆட்டோ மறைந்தபின் நடைபாதையில் நின்று, சட்டைப்பையிலிருந்த பென்சிலால் பில்லின் பின்பக்கம் பழக்கதோஷத்தில் எழுதினார்:

சூப் இரண்டு, கழிவு.
ரோல், இனாம்.
டீ, பேசி இருபது குறைத்தது.
சொல் ஒன்று, பாக்கி. கெடு சனிக்கிழமை.